நடுவில் யாருமில்லை

சாந்தலிங்க அடிகளுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் பரிபூரணத்தம்மாளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்று மடத்துக்கு வந்தவர். தன்னைவிடச் சின்னவரைப் போய் சாமி என்பதா என்று கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்த முறுக்கு தானாகவே தளர்ந்தது.

அன்று காலை பரிபூரணம் அடிகள் முன்னால் கைப்பேசியை வைத்துவிட்டு அழுதார்.

மடத்துக்கென்று ஒரு கம்பெனி இலவசமாகச் செய்துகொடுத்த செயலி அதில் இருந்தது. மனக்குறையை எழுதினால் அடிகளிடமிருந்து பதில் வரும். "உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல யாருமில்ல, தைரியமா எழுதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவர் பரிபூரணம்தான்.

பஸ் கண்டக்டர் தணிகாசலம், குடியை விடமுடியவில்லை என்று எழுதினார். மறுநாளிலிருந்து அவர் போனில் எதைத் திறந்தாலும் குடியை நிறுத்தும் மருந்து விளம்பரம். பாட்டு கேட்க போனை வாங்கிய மகள் பார்த்துவிட்டாள். அப்பா குடிப்பார் என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

"உங்கள நம்பித்தானேம்மா எழுதினேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் மடத்துப் பக்கமே வரவில்லை.

"கம்பெனிக்காரனக் கேட்டேன் சாமி. எழுதறத இந்தச் செயலியே ஓரமா நின்னு பார்த்து விளம்பரக்காரங்களுக்குச் சொல்லுமாம். 'அந்தக் காலத்துல நீங்க மட்டும் நடுவுல இருந்து கேக்கலையா'ன்னு சிரிக்கிறான்."

"கேட்டீங்களா?"

"லைன் அறுந்துடுச்சான்னு பார்க்கணுமே சாமி. நடுவுல நுழைஞ்சு 'பேசுறீங்களா'ம்பேன். 'பேசிக்கிட்டுதாம்மா இருக்கோம்'பாங்க."

சொல்லும்போதே அழுகை நின்று முகம் மலர்ந்துவிட்டது. போர்டில் மினுக்கும் விளக்குகள், காதில் ஹெட்போன், தீபாவளியன்று மொத்த ஊரும் ஒரே நேரத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டு உயிரை வாங்குவது. கடைத்தெருவில் வாயைத் திறந்தால் போதும், "நம்ம எக்ஸ்சேஞ்சம்மா குரலாச்சே" என்று பூக்காரி ஒரு முழம் கூடப் போடுவாள். அந்த நாட்களை நினைத்தால் பரிபூரணத்துக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

"நீங்க நுழைஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டக்குன்னு ஒரு சத்தம் கேக்குமே! பேசற குரலும் கொஞ்சம் அடங்கும். புதுசா கல்யாணமானதுங்க, 'அம்மா, போதும் வச்சிடுங்க'ன்னு சிரிக்கும். நானும் சிரிச்சுக்கிட்டே விலகிடுவேன்."

அடிகள் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். டக்கென்று ஏதாவது கேட்கிறதா என்று தலையைச் சாய்த்தார்.

பரிபூரணத்துக்குப் பொறுக்கவில்லை.

"இத இன்னைக்கே மூடிடறேன் சாமி. ஏன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்ல வேணாம். என் பேச்ச நம்பி எத்தன பேரு எழுதியிருக்காங்க! அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அடிகள் போனைக் காதிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மூடிடுங்க. ஆனா, எழுதினவங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் கேக்கலையேம்மா."