வெள்ளைக் காருக்கு இரண்டு விலை

விடுதிச் சமையல்காரி எஸ்தருக்குக் கார் எதற்கு என்று கேட்க பாண்டுரங்கன் யார்? பழைய கார் வாங்கி விற்கிறவனுக்கு ஊரையே வாங்கிவிட்டதாக நினைப்பு! அவள் கணவருக்குப் பக்கவாதம். பஸ்ஸில் ஏற முடியாது, சிகிச்சைக்கோ போயே ஆகவேண்டும். அந்த மனுஷனைக் கடைக்குள் விடாமல் வெயிலில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வெள்ளைக் காரைக் காட்டினான்.

"தங்கம்மா இது! மூணு லட்சம். ரெண்டுதான் இருக்குன்னா டவுன் பஸ்ல போ."

"ஓட்டிப் பாக்கறேங்க" என்றாள் எஸ்தர். முன்பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தான்.

நேரே மெக்கானிக் மரியதாஸிடம் போனாள். அவன் அலசிப் பார்த்து, "நல்ல வண்டிக்கா, பயப்படாம வாங்கு" என்றான்.

"அப்ப அவனுக்குப் போன் போடு தம்பி. இது உன் வண்டி, விக்கணும்னு சொல்லு."

பாண்டுரங்கனுக்கு எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டு, வாடிக்கையாளர் முன்னால் வித்தை காட்டும் பழக்கம். "இன்ஜின் சத்தத்தக் கேட்டே விலை சொல்வேன்" என்றான். கேட்டான். "சே, இருமுதுய்யா! ஒண்ணரை லட்சம். அதுவே தர்மத்துக்கு."

மரியதாஸைப் பக்கத்தில் ஏற்றி, போனில் பேரம் பேசவிட்டபடியே எஸ்தர் வண்டியைக் கிளப்பிக் கடை வாசலில் வந்து ஹார்ன் அடித்தாள். அது வாசலிலும் கேட்டது, ஸ்பீக்கரிலும் கேட்டது. வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பாண்டுரங்கனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விக்கும்போது தங்கம், வாங்கும்போது இருமுதா முதலாளி? எது பொய்னு இவங்ககிட்ட சொல்லுங்க. இல்லன்னா நீங்க சொன்ன ஒண்ணரை லட்சத்துக்கே எனக்கு எழுதுங்க."

எழுதினான்.

"அப்படியே கதவையும் திறந்து விடுங்க" என்றாள் எஸ்தர். "எங்க வீட்டுக்காரர் ஏறணும்."