ராணி தேடின ஆணி

ஆத்தங்கரையில ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரு ராசாவாம், அவருக்கு வடிவாம்பான்னு ஒரு ராணியாம். அவங்க மக பூவாயி ஒருநாள், "மரத்து மேல வீடு கட்டித் தர்ற வரைக்கும் யார்கூடயும் பேசமாட்டேன்"னு வாயை மூடிக்கிட்டா. ராசா கூப்பிட்டாரு, பேசல. யானை மேல ஏத்தினாங்க, பேசல. அதிரசம் குடுத்தாங்க, தின்னா, ஆனா பேசல. உன்னை மாதிரிதான், வேற யாரு?

சரின்னு ராணி ரெண்டு மருதமரத்துக்கு நடுவுல பலகை போட்டா. எதை வச்சு மாட்டுறது? கயித்தால கட்டினா, கயிறு தேய்ஞ்சு தேய்ஞ்சு மரத்துப் பட்டை உரிஞ்சு போச்சு. சின்ன ஆணியா நிறைய அடிச்சா. காத்துல ரெண்டு மரமும் ஆளுக்கொரு பக்கம் ஆட, ஆணியெல்லாம் பட்டுபட்டுன்னு ஒடிஞ்சுது. அப்புறம் மரத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்து சொன்னா: "மரம் ஆடத்தான் செய்யும். ஒரு பக்கம் மொத்தமான இரும்பாணி, ஒண்ணே ஒண்ணு போதும். இன்னொரு பக்கம் பலகை நகர்ற மாதிரி இரும்பு வளையம்."

மந்திரி தாண்டவராயர்கிட்ட இரும்பைக் குடுத்து மாட்டச் சொன்னாங்க. அவர் என்ன பண்ணினார்? அதைத் தன் வீட்டு ஊஞ்சலுக்கு மாட்டிக்கிட்டு, கட்டையை ஆணி மாதிரி செதுக்கிக் கரி பூசி மரத்துல அடிச்சுட்டாரு. உம் கொட்டுறியா, தூங்கிட்டியா?

ராணி தொட்டுப் பாத்தா. விரல்ல கரி.

"மந்திரியாரே, ஆணி உறுதிதானா?"

"ஆயிரம் யானை நிக்கலாம் தாயே."

"ஆயிரம் எதுக்கு? நீங்க ஒருத்தர் நின்னு காட்டுங்க. அப்புறம் புள்ளையை ஏத்துறேன்."

ராசா பாத்துக்கிட்டு நிக்கிறாரு, மந்திரியால மாட்டேன்னு சொல்ல முடியுமா? மரத்தைக் கட்டிப் புடிச்சு ஏறி நின்னாரு. காத்து ஒண்ணு வந்துச்சு. கட்டை பொடுக்குன்னு முறிய, கீழ எருமை படுத்திருந்த சேத்துக்குள்ள தொபுக்கடீர்னு விழுந்தாரு. எருமை அவர் தலையை நக்கிக் குடுத்துச்சு.

"அம்மா, எருமைக்குத் தம்பி பொறந்திருக்கு"ன்னு வாயைத் திறந்துட்டா பூவாயி.

ராசா சிரிக்கல. "அதுல எம்புள்ளை ஏறியிருந்தா?"ன்னாரு. மந்திரி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. அவர் வீட்டு ஊஞ்சலைக் கழட்டி இரும்பை எடுத்துட்டு வந்தாங்க, ராணி நின்னு மாட்ட வச்சா, மரம் ஆடினாலும் வீடு கெட்டியா நின்னுச்சு. மந்திரிக்கு என்ன தண்டனை தெரியுமா? காத்தடிக்கிற நாளெல்லாம் அவர்தான் மொதல்ல ஏறி நிக்கணும்.

புள்ளைங்க ஏறுற எடத்துல ஏமாத்தக் கூடாது கண்ணு. அவங்க மரத்து மேல சுகமா இருந்தாங்க, நாம தரையில சுகமா இருப்போம். திரும்பிப் படு.