வீட்டு டப்பா

எங்கள் ஆசிரமத்தின் தலைவி எமரன்சியா அம்மாவுக்குத் தியானம் வரும், தச்சு வேலை வரும், உள்ளே வந்த பாம்பைக் கோபப்படுத்தாமல் வெளியே அனுப்பவும் வரும். பிஸ்கட் மட்டும் வராது.

ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் முழுக்க நாங்கள் பிஸ்கட்தான் சுடுவோம். இந்த மலையில் அது எங்கள் வழக்கம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முட்டையும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, தேய்த்து, நட்சத்திர அச்சால் வெட்டிச் சுடுவோம். ஆறிய பிறகு மேல்பக்கத்தை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து எடுப்போம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும், கீழே ஆஸ்பத்திரிக்கும், இரவுப் பூசைக்கு வருகிறவர்களுக்கும் பொட்டலம் பொட்டலமாகப் போகும்.

நட்சத்திரம் என்றால் முனை இருக்கும். முனை இருந்தால் உடையும். அதற்காக எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. முழுசு விருந்தாளிக்கு, உடைந்தது வீட்டாளுக்கு. உடைந்ததெல்லாம் அலமாரியில் இருக்கும் ஒரு நசுங்கிய தகர டப்பாவுக்குள் போகும். அதற்கு வீட்டு டப்பா என்று பேர். மாலை ஜெபம் முடிந்து நான் காப்பி போட்டதும் அந்த டப்பா கை மாறி வரும்.

டப்பாவில் பாதிக்கு மேல் அம்மாவின் கைவரிசையாகத்தான் இருக்கும்.

"நான் ஒருத்தி இல்லேன்னா உங்க பாடு திண்டாட்டம்தான்" என்பார்.

பிறகு சந்தியாகு அண்ணாச்சி வந்தார்.

தூத்துக்குடியில் பெரிய பேக்கரி வைத்திருந்தவர். அம்மாவைவிட இருபது வயதாவது மூத்தவர். மனைவி இறந்தபின் கடையை விற்றுவிட்டு, ஒரு பெட்டியும் மாவு தேய்க்கும் கட்டையுமாக மலையேறி வந்தார். தன்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?" என்றார் அம்மா.

"நிம்மதி வேணும்மா."

"என்ன வேலை தெரியும்?"

"ரொட்டி, பிஸ்கட். அது மட்டுந்தான் தெரியும்."

"அப்போ அடுப்பைப் பாருங்க. நிம்மதியைப் பிறகு பார்ப்போம்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிசைந்த மாவை ஈரத்துணி சுற்றிக் குளிரில் வைத்தார். மலைக்குளிர் போதாதென்று ஜன்னலையும் திறந்து வைத்தார். சுட்ட நட்சத்திரத்தை விரலால் தூக்க எங்களை விடவில்லை. தகட்டுக் கரண்டியை அடியில் கொடுத்து, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுவதுபோல எடுத்தார். அம்மாவுக்குக் கிடைத்த வேலை, பொட்டலத்துக்கு நூல் கட்டுவது.

மாலையில் அண்ணாச்சி வந்து நின்றார்.

"ஒண்ணுகூட உடையலைம்மா."

அம்மா வீட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடி வைத்தார்.

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுகூட இல்லை."

அன்றைக்கு நாங்கள் வெறும் காப்பி குடித்தோம்.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த வருஷமும் அப்படித்தான். அந்த வாரம் தினமும் மாலையில் அம்மா டப்பாவைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். அண்ணாச்சியின் முகம் பூரித்துப் போகும். எங்கள் கூட்டத்தில் மரியாதை தெரிந்தவர்கள் அதிகம். யாரும் வாய் திறக்கவில்லை.

பிஸ்கட் இப்படி உடையாமல் வந்ததே தவிர, அண்ணாச்சிக்கு அவர் தேடி வந்தது கிடைக்கவில்லை. காலை ஜெபம் முடிந்ததும் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து பஸ் வரும் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் விறகெடுக்கப் போனபோது, கேட்காமலேயே சொன்னார்.

ஒரே மகன். பேர் ரெமி. பேக்கரிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு உடைந்த பிஸ்கட்தானே தீனி. அவனும் அதைத் தின்றுதான் வளர்ந்தான். படிப்பு முடிந்து கடைக்கு வந்தான். ஒரு கிறிஸ்துமஸ் நெருக்கடியில், சூடு ஆறும் முன்னே சாக்லேட்டில் தோய்த்துவிட்டான். சாக்லேட் வழிந்து, நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது நொறுங்கின. அண்ணாச்சி அந்தத் தட்டை வேலையாட்கள் எல்லாருக்கும் முன்னால் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"'வீட்டுக்காவது கொண்டுபோறேன்பா'ன்னான். 'இதைத் தின்ன என் வீட்டுல ஆள் இல்லை'ன்னேன்."

"அப்புறம்?"

"மாவு ஏப்ரனைக் கழட்டி மேசை மேல வெச்சான். போயிட்டான்."

அதற்குப் பிறகு தாயின் அடக்கத்துக்குத்தான் வந்தானாம். வந்தவர்களோடு வந்து, வந்தவர்களோடு போய்விட்டான். எனக்கு அண்ணாச்சி மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. விறகை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இந்த வருஷம், கிறிஸ்துமஸ் வாரத்தில், ஆசிரமத்துக்கு ஒரு போன் வந்தது. ரெமிதான். கப்பலில் வேலை கிடைத்திருக்கிறதாம். போனால் திரும்ப எப்போது என்று தெரியாதாம். போகும் முன் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அன்றைக்கே மாலை பஸ்ஸில் மலையிறங்கிவிடுவானாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வருகிறேன் என்றான்.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, அவன்கிட்ட நான் முதல்ல என்ன பேசணும்?"

"மாவு காயுது அண்ணாச்சி" என்றார் அம்மா.

அவர் மாவைப் பார்க்கப் போனார்.

ரெமி வந்தபோது உச்சிப்பொழுது. நல்ல சட்டை, பளபளக்கும் ஷூ. விருந்தினர் அறையில் உட்காரவைத்தோம். அண்ணாச்சி அடுப்படியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தார். சுட்டதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சாக்லேட் ஓரத்தில் நூலளவு விலகியிருந்தால்கூட அதைத் தள்ளிவைத்தார். கடைசியில் தட்டில் இருந்தவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாதிரி இருந்தன.

நான் காப்பி கொண்டுபோனதால் நடந்ததைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கீங்களாப்பா?" என்று ரெமி எழுந்து நின்றான்.

"இருக்கேன். உக்காரு. சாப்பிடு."

ரெமி கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தான். ஒரு நட்சத்திரத்தை எடுத்தான். ஒரு பொடிகூடக் கீழே விழாமல், கைக்குட்டை மேல் குனிந்து தின்றான். பெற்ற அப்பன் கொடுத்த பிஸ்கட்டை அப்படி யாரும் தின்று நான் பார்த்ததில்லை. 

"நல்லா இருக்குப்பா."

"இன்னொண்ணு எடு."

"போதும்பா. கீழ போற பஸ் கரெக்டா வந்துருமா?"

அண்ணாச்சி தட்டோடு அடுப்படிக்குத் திரும்பி வந்தார். அம்மா மேசையருகே உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பையன் சாப்பிட்டானா?"

"ஒண்ணு."

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்குன்னான். பஸ் எப்போன்னு கேட்டான்." அண்ணாச்சியின் குரல் உடைந்தது. "இருக்கிறதுலயே நல்லதாப் பொறுக்கி வெச்சேம்மா. ஒரு குத்தம் சொல்ல முடியாது. இதுக்கு மேல ஒரு அப்பன் என்னதான் செய்வான்?"

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

"நம்ம வீட்டுல முழுசு யாருக்கு அண்ணாச்சி?"

"விருந்தாளிக்கு."

"உடைஞ்சது?"

"வீட்டாளு..."

அவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"ரெமி யாரு?" என்று அம்மா கேட்டார்.

அண்ணாச்சி தட்டை வைத்துவிட்டு அலமாரிக்குப் போய் வீட்டு டப்பாவை எடுத்தார். திறந்தார். உள்ளே ஒரு துணுக்குகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் உடையவிட்டிருந்தால்தானே இருக்கும்!

அவசரமாகத் தட்டிலிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஒடிக்கப் போனார்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "நாடகம் போடாதீங்க. அவன் பேக்கரிக்காரர் மகன். தெரிஞ்சுடும்."

"பின்னே நான் எங்கம்மா போவேன்?"

"அந்தக் கடைசித் தட்டு இன்னும் சாக்லேட் தோய்க்காமக் கிடக்கு. ஆள் இல்லை."

நாங்கள் மூன்று பேர் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தோம். அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் மூவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

அண்ணாச்சி விருந்தினர் அறை வாசலில் போய் நின்றார். மகனைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினார்.

"ரெமி, உள்ள ஒரு கை குறையுது. வர்றியா?"

"நானா?"

"உனக்குத் தெரிஞ்ச வேலைதானே."

ரெமி எழுந்தான். பிறகு ஷூவைக் கழற்றினான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே அடுப்படிக்குள் வந்தான். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்திருந்த சாக்லேட்டை ஒரு கிண்டு கிண்டினான். ஒரு நட்சத்திரத்தை எடுத்து, அதன் அடியைப் புறங்கையில் வைத்து, ஆறிவிட்டதா என்று பார்த்தான். அதைப் பார்த்து அண்ணாச்சி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முதலாவது ஒழுங்காக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அதற்குள் சாக்லேட் கொஞ்சம் இறுகிவிட்டது போலிருக்கிறது. அடுத்ததை அவன் அழுத்தித் தோய்த்தான். ஒரு முனை ஒடிந்து உள்ளே விழுந்தது. பதறிக்கொண்டு அதை எடுக்கப் போனதில் கையிலிருந்த மிச்சமும் இரண்டாகப் பிளந்து மேசையில் விழுந்தது.

 ரெமியின் காது சிவந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முப்பதைத் தொட்ட ஆண்பிள்ளை. அவன் கண் நேராகக் கதவோரத்துக் குப்பைத் தொட்டிக்குப் போனது.

"எனக்கு இது வராதுப்பா. அப்பவே தெரியும்ல."

அண்ணாச்சி மேசைப் பக்கம் வந்தார்.  பழக்கம் என்பது லேசில் போகிற சனியனா? இந்த மனிதர் என்ன செய்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் துண்டுகளைப் பொறுக்கினார். சாக்லேட்டில் விழுந்த முனையையும் விரலை விட்டே எடுத்தார். குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போனார். வீட்டு டப்பாவில் போட்டார். காலி டப்பா அல்லவா, சத்தம் பெரிதாகக் கேட்டது.

"இதைத் தின்ன வீட்டுல ஏழு பேரு இருக்கோம்" என்றார். "இது பத்தாதுலே."

ரெமி அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.  பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நட்சத்திரத்தை எடுத்தான். இறுகின சாக்லேட்டில் அதுவும் உடைந்தது. அதை அவனே டப்பாவில் போட்டான். அதற்கடுத்ததை அண்ணாச்சி எடுத்தார். மகனையே பார்த்துக்கொண்டு தோய்த்தார். அந்தக் கையில் ஒரு பிஸ்கட் உடைந்ததை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

மாலையில் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அடுப்படியில் யாருக்கும் காது கேட்கவில்லை. டிரைவர் இரண்டாம் முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜெபம் முடிந்தது. காப்பி போட்டேன். எட்டு டம்ளர். டப்பா கை மாறி வந்தது. ரெமி மடியில் எதையும் விரிக்கவில்லை. அவன் சட்டையெல்லாம் பொடி. அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்துக் காப்பியில் நனைத்து, எடுப்பதற்குள் அது கரைந்து விழ, ரெமி சிரித்தான்.

டப்பா அம்மாவிடம் வந்தது. அவர் திறந்து பார்த்தார். பெரிய துண்டாகத் தேடி எடுத்தார். அப்புறம் இன்னொன்றும் எடுத்தார்.

அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"ரெண்டு வருஷமா கிறிஸ்துமஸ் வாரத்துல தினமும் சாயங்காலம் இந்த டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தீங்களே. என் வேலையை மெச்சித்தான் பார்க்கறீங்கன்னு நினைச்சேன்."

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"பசிச்சுது அண்ணாச்சி" என்றார்.