குளிர் தண்ணிக்கு எந்த இரை

“ஒரு மாசமா ஒரு மீனும் கடிக்குதில்லை, ரீச்சர்,” என்றான் வாகீசன்.

“என்ன இரை போட்டனீங்கள்?”

“எல்லாம் போட்டனான்.”

“அதுதான்,” என்றாள் தர்மினி. படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ரொறொன்ரோவுக்கு வடக்கே ஓர் ஏரி. கார்த்திகை மாதம். மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் கொட்டி நின்றன. நாணல் ஓரத்தில் மெல்லிசாக ஐஸ் பிடித்திருந்தது. அடுத்த கிழமை படகுகளைக் கரைக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆனி மாதம்வரை பாஸ் மீன் பிடிக்கத் தடை.

தர்மினி வாகீசனைவிட வயதில் இளையவள். கிழமை நாட்களில் பல் வைத்தியரிடம் வேலை, சனி ஞாயிறு இந்த ஏரி. அங்கே நடக்கும் மீன்பிடிப் போட்டிகளில் அவளை வெல்ல ஆளில்லை. அவளிடம் மீன்பிடி பழக வருகிற தமிழர்கள் வயது பார்க்காமல் அவளை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

வாகீசன் லொறி ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன்.

கூட அவனுடைய தம்பி நிருபன் வந்திருந்தான். நிருபன் பேசுவதில்லை.

சித்திரையில் நிருபனின் மனைவி மயூரி இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து சொந்தக்காரர் கலைந்துபோகும்வரை அவன் எல்லாரோடும் பேசினான். கதிரை எடுத்துப் போட்டான். தேத்தண்ணி கொடுத்தான். கடைசிக் கார் போன பிறகு வாயை மூடியவன்தான்.

வாகீசன் தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். டொக்டரிடம் கொண்டுபோனான், கோயிலுக்குக் கொண்டுபோனான், கலியாணவீடு, பிறந்தநாள் ஒன்றும் விடவில்லை. நிருபன் போன இடத்தில் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

ஆடி மாதம் ஒருநாள் இந்த ஏரியில் வாகீசனுக்குப் பெரிய மீன் ஒன்று பட்டது. படகுக்குள் போட்டான். நிருபன் குனிந்து, துடித்த மீனின் முதுகை ஒரு விரலால் தொட்டான்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து வாகீசனுக்கு ஒரே எண்ணம். இன்னொரு மீன்.

நடு ஏரியில் தர்மினி எஞ்சினை நிறுத்தினாள். வாகீசன் பொய் இரைகள் அடுக்கிய தன் பெட்டியைத் திறந்தான். அது தட்டுத் தட்டாக விரிந்தது. உள்ளே மணி வைத்துக் கடகடக்கும் மர மீன்கள். தண்ணீருக்கு மேல் தத்தும் ரப்பர்த் தவளை. சுழன்று மின்னும் தகடுகள்.

“இந்தக் குளிருக்கு எதை எடுக்கிறது, ரீச்சர்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“கையுறையைக் கழட்டுங்கோ, அண்ணை. கையைத் தண்ணிக்குள்ளை வையுங்கோ.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“நான் சொல்லுமட்டும்.”

வாகீசன் கையை விட்டான். முதலில் சிரித்தான். நெடுஞ்சாலையில் பனி கொட்டிய கதை ஒன்றை எடுத்துவிட்டான். கதை பாதியில் நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

“இப்ப எடுங்கோ. அந்தப் பெட்டியைப் பூட்டுங்கோ.”

பெட்டியின் கொளுவியைப் பிடித்தான். வழுக்கியது. திரும்பவும் பிடித்தான். விரல்கள் யாருடையவோ போல இருந்தன.

“விரல் சொல்லுக் கேக்குதில்லை, ரீச்சர்.”

“உங்களுக்குக் கை மட்டும்தான். மீனுக்கு முழு உடம்பும் அதுக்குள்ளை.”

வாகீசன் ரப்பர்த் தவளையைப் பார்த்தான்.

“அப்ப இது...”

“அதை ஆர் இப்ப துரத்துறது?”

தர்மினி தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். விரல் நகத்தளவு ஈயக் குண்டு. அதில் கட்டிய கொஞ்சம் மண்ணிற மயிர். அதற்குள் ஒரு தூண்டில் முள்.

“இதுக்கோ கடிக்கும்?”

“பக்கத்திலை போய்க் கிடந்தாக் கடிக்கும்.”

வாகீசன் அதைக் கட்டி இறக்கினான். அடிக்குப் போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது. சேர்ந்ததும் பழக்கதோஷத்தில் தூண்டிலைச் சுண்டினான்.

“ஆட்டாதேங்கோ.”

“ஆட்டாட்டி இரை எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

“நான் என்ன செய்யிறது?”

“இருங்கோ.”

வாகீசன் இருந்தான். ஆனால் அவனுக்குச் சும்மா இருக்க வராது.

“நிருபன், தேத்தண்ணி ஊத்தட்டோ? காலுக்குப் போர்வை போடன். அங்கை பார், தாராக்கூட்டம். வடிவாயிருக்கெல்லே? பக்கத்துவீட்டு வசந்தியக்கா நேற்றும் கேட்டவ, தம்பி எப்பிடி எண்டு. ஒருக்கா போன் எடுத்துக் கதையன். என்ன?”

நிருபன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தர்மினி தன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாகீசனின் கையில் ஏதோ சின்னதாகக் கனத்தது. ஈரத்துணி ஒட்டிக்கொண்டது போல. அவன் விசுக்கென்று இழுத்தான். தூண்டில் நரம்பு வெறுமனே மேலே வந்தது.

“பாசி,” என்றான்.

“மீன்.”

“கடிக்கேல்லையே!”

“வாயிலை வச்சுப் பாத்தது. நீங்கள் வெருட்டிப்போட்டியள்.”

வாகீசன் தூண்டிலை மடியில் வைத்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கு மீன் தின்னுற ஆசையில்லை, ரீச்சர். இவனுக்காகத்தான். இந்தக் கிழமையை விட்டா ஆனி மட்டும் ஒண்டுமில்லை. பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளை. நான் லொறியோடை போயிடுவன். இவன் தனியச் சுவரைப் பாத்துக்கொண்டு... எனக்குப் பயமாயிருக்கு. என்னட்டை இருந்ததெல்லாம் செய்து பாத்திட்டன்.”

சொல்லி முடித்த பிறகுதான், தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“திரும்பப் போடுங்கோ,” என்றாள் தர்மினி.

போட்டான்.

இந்த முறை அவன் பேசவில்லை. தர்மினிக்குப் பயந்து அல்ல. பேச எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

வெளிறிய வெயில் ஏறியது. காற்று விழுந்தது. படகு தன்பாட்டில் மெதுவாகத் திரும்பியது. நரம்பு நேரே கீழே போய்த் தண்ணீருக்குள் மறைந்தது. மூன்று பேரின் மூச்சும் வெள்ளையாக வந்து கலைந்தது.

“மயூரிக்கும் குளிர் ஒத்துவராது.”

துருப்பிடித்த குரல்.

 வாகீசனுக்கு எழும்பிப்போய்த் தம்பியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கேட்க ஆயிரம் கேள்வி நாக்கில் வந்து நின்றது. போன் எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அவன் தர்மினியைப் பார்த்தான்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கை அசையவில்லை.

வாகீசன் வாயைத் திறந்தான். மூடினான்.

“ம்,” என்றான்.

நேரம் போனது. தாராக்கள் எங்கேயோ ஒருமுறை கத்தி ஓய்ந்தன.

“ராவிலை எழும்பிப் போய் யன்னலைத் தொட்டுப் பாப்பாள்,” என்றான் நிருபன். “நான் பூட்டினனான் எண்டு சொன்னாலும் நம்பமாட்டாள்.”

“ம்.”

“பிறகு வந்து அந்தக் குளிர்ந்த கையை என்ரை கழுத்திலை வைப்பாள். நான் துள்ளி எழும்புவன். அவளுக்குச் சிரிப்பு.”

நிருபன் இருந்த இடத்திலேயே அண்ணன் பக்கமாகத் திரும்பினான். போர்வையை இழுத்து மடியில் போட்டான். சொல்லிக்கொண்டே போனான். ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட பாட்டு. கடைசியாக அவனை ஏசிய ஏச்சு. அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று.

வாகீசனின் தூண்டில் நுனி மெல்ல வளைந்தது.

நிமிர்ந்தது. பிறகு நன்றாகவே வளைந்தது.

வாகீசன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தர்மினி நுனியைப் பார்த்தாள். இழுங்கோ என்று சொல்லவில்லை.