ஒரு யானைமேல் இரண்டு தலைவர்கள்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே! யானைக்குக்கூடப் பட்டம் கட்டிய அந்தக் காலத்தில், வேங்கைக்குன்றம் என்ற கோட்டையை நன்னிமாறன் ஆண்டுவந்தான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ராஜா.

அவனுடைய படைத்தலைவன் கொற்றவேல். தகப்பன் வழியில் வந்த பதவி. அது போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைப்பவன். அந்தச் சமயம் பார்த்துக் கடல் கடந்து வந்தான் தியோன். "போர்முறை எல்லாம் எனக்கு அத்துப்படி, அரசே" என்றான். ராஜா தலையாட்டினான், அவனும் படைத்தலைவன் ஆனான். கொற்றவேலுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பகைவர் படை வடக்கே வந்து நின்றது. வேங்கைக்குன்றத்துப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைவன் ஏறிய பட்டத்து யானை எங்கே போகிறதோ, மொத்தப் படையும் கேள்வி கேட்காமல் பின்னால் போகும்.

"நான்தான் படைத்தலைவன், நான்தான் ஏறுவேன்" என்றான் கொற்றவேல்.

"நான்தான் படைத்தலைவன், நீர் ஒதுங்கும்" என்றான் தியோன்.

இருவருமே ஏறினார்கள். இடம் போதவில்லை என்று பாகனை இறக்கிவிட்டார்கள். அடுத்து அங்குசத்துக்குச் சண்டை. அது கீழே விழுந்தது. வாசலைத் தாண்டியதும் மூன்றாவது சண்டை.

"மலைப்பக்கம் போ!"

"பனங்காட்டுப் பக்கம் போ!"

ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்தால் யானை எவ்வளவுதான் பொறுக்கும், பாவம்! தினமும் குளிக்கிற ஆற்றுக்கு நேராக நடந்தது. படையும் நடந்தது. யானை தண்ணீரில் சாய்ந்தது. தலைவர்கள் இருவரும் தொப்பென்று விழுந்தார்கள். இதுவும் ஒரு போர்முறையாக்கும் என்று படைவீரர்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள்.

நனைந்த மீசையோடு திரும்பி வந்தால், கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. ஆளில்லாத கோட்டைக்குள் பகைவர்கள் விருந்தாளிகள் மாதிரி நுழைந்திருந்தார்கள். மதில்மேல் நன்னிமாறன் கைகட்டி நின்றான். பக்கத்தில் கொற்றவேலின் மனைவி தலையிலடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற பகைவர் காவலன் ஒரு கைவிலங்கை ஆட்டிக் காட்டினான். "உங்களில் படைத்தலைவர் யார்?"

கொற்றவேல் வெகு பணிவாகத் தியோனைக் காட்டினான். "ஐயாதான்!"

தியோன் அதைவிடப் பணிவாகக் கொற்றவேலைக் காட்டினான். "சேச்சே, ஐயாதான்!"

காவலன் சிரித்துக்கொண்டே இன்னொரு விலங்கும் கொண்டுவரச் சொன்னான்.

ஆகவே, பதவிக்கு முந்துகிறவன் அதன் பழியைச் சுமக்கவும் முந்த வேண்டும். இல்லாவிட்டால் அவனை நம்பிய ஊரே பறிபோகும்.