சுயம்புலிங்கம் சொல்லிப் பார்த்த வார்த்தை

கற்றுக்கொள்ள வந்தவர் மூத்தவர். கற்றுக்கொடுத்தவர் இளையவர். அருளப்பன் கல்லூரியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ரஹ்மத் நிஷாவிடம் வேலை பழகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சோதனையாகச் செய்யப்படும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு ஒருவர் சம்மதிக்கும் முன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக மட்டும் பேசுவது நிஷாவின் வேலை. நிஷா டாக்டர்களின் ஆளும் இல்லை, மருத்துவமனையின் ஆளும் இல்லை.

அன்று காலை அருளப்பன் முகமெல்லாம் மலர்ந்து மாடிப்படி இறங்கி வந்தார்.

"முடிஞ்சது மேடம். சுயம்புலிங்கம் சரின்னுட்டார்."

சுயம்புலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, டயாலிசிஸ் மெஷின் தயவில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்திப் பார்க்க டாக்டர்கள் விரும்பினார்கள். பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். அந்த ஊரில் அதுவரை யாருக்கும் செய்ததில்லை.

"எல்லாம் சொன்னீங்களா சார்?"

"ஒண்ணு விடாம. உயிருக்கு ஆபத்துங்கிறதையும் சொன்னேன்."

"அவர் என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலை. அவ்வளவு தெளிவா விளக்கியிருக்கேன்."

"கத்திரிக்காய் வாங்கப் போனாலே நாலு கேள்வி கேக்கிற ஊரு சார் இது."

அருளப்பனுக்குத் தன் வகுப்பில் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் எல்லாம் புரிந்துவிட்டதாகத்தான் நம்பியிருந்தார்.

இருவரும் மாடிக்குப் போனார்கள். சுயம்புலிங்கம் மெஷினோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்தார். நிஷா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தடவை 'வேண்டாம்'னு சொல்லிப் பாருங்க. சும்மாதான்."

"எதுக்கும்மா? நான்தான் சரின்னுட்டேனே."

"அதைச் சொல்லிட்டீங்க. இதையும் சொல்லிப் பாருங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பார்வை மெஷினுக்குப் போய் வந்தது.

நிஷா சிரித்தார். "படியில தொங்குறவனையெல்லாம் 'இடமில்ல, அடுத்த வண்டியில வா'ன்னு விரட்டினவரு. உங்களுக்கா வாய் வரல?"

"அது என் பஸ்ஸு தாயி. இது அவங்க மெஷினு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேண்டாம்னா எடுத்துருவாங்கல்லா. வெளியே எத்தனை பேரு காத்துக் கிடக்கான்."

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்லணுமாக்கும்?"

அருளப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் விளக்கியவருக்கு இது தோன்றவே இல்லை.

நிஷா போய் டாக்டர் கோமதிநாயகத்தை அழைத்து வந்தார். யார் மேலும் குறை சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார். டாக்டர் கட்டிலருகே வந்தார். பிறகு நர்ஸையும் பக்கத்தில் கூப்பிட்டு, அவர் காதிலும் விழும்படி சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க எதைச் சொன்னாலும் இந்த மெஷின் உங்களுக்கு உண்டு."

"எழுத்திலயும் வேணும் டாக்டர்," என்றார் நிஷா.

"தாரேன்."

நிஷா கட்டில் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க."

"வேண்டாம்," என்றார் சுயம்புலிங்கம்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்!" இந்த முறை கண்டக்டர் குரல். வார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"ஆமா, அந்தப் பன்னிக்கு ஏதாச்சும் சீக்கு இருந்தா எனக்கும் வருமா?"

டாக்டர் பதில் சொல்லத் தொடங்கினார்.

"இருங்க, இன்னொண்ணு. அது எனக்கு ஒத்துக்கலன்னா திரும்ப இங்கயே வந்து படுத்துக்கலாமா?"

நிஷா எழுந்து ஸ்டூலை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அருளப்பன் பின்னாலேயே வந்தார். நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டாற்போல் இருந்தது. அது ஏன் என்றுதான் விளங்கவில்லை. காலையில் கையில் இருந்த சம்மதம் இப்போது இல்லை.

"மேடம், கடைசியில அவர் சரிம்பாரா, வேண்டாம்பாரா?"

"தெரியாது சார்," என்றார் நிஷா. "காலையில 'சரி' மட்டுந்தான் வரும்னு தெரிஞ்சிருந்தது. அதான் பயமா இருந்துச்சு."