ஒரு தோணிக்கு இரண்டு அணியம்

குழந்தைகளே, கால் நனையாமல் நடக்கவே முடியாத காடு ஒன்று இருந்தது. கடல் நீர் தினமும் ஏறி வந்து மரங்களின் வேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும் அலையாத்திக் காடு அது. அதன் நடுவே ஓர் உப்பங்கழி ஓடியது. அந்தக் கழியில் மீன் பிடித்துத்தான் அங்கிருந்த விலங்குகள் பிழைத்தன.

மற்றக் காடுகளில் கரடி மரம் ஏறும், பன்றி சேற்றில் புரளும். இந்தக் காட்டில் அவை தோணி ஓட்டும். நம்ப முடியவில்லையா? நம்பாதவர்கள் எழுந்து விளையாடப் போகலாம். மீதிப் பேருக்கு மட்டும் சொல்கிறேன்.

கருப்பட்டி என்று ஒரு கரடி. கொம்பையன் என்று ஒரு காட்டுப்பன்றி. இருவரும் கூட்டாளிகள். பெரிய மரம் ஒன்றைச் சேர்ந்தே வெட்டி, சேர்ந்தே குடைந்து, ஒரு தோணி செய்திருந்தார்கள். கழியில் அதைவிடப் பெரிய தோணி கிடையாது. அதன் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி கூராக இருக்கும். திருப்ப வேண்டிய தேவையே இல்லை, எந்தப் பக்கமாகவும் போகும்.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் இருந்தது. தோணியின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். ஒருவர் அணியத்தில் நின்று வலை வீசுவார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவார். வலை வீசும் நேரத்தில் தோணி ஆடாமல் பிடித்துக்கொள்வார். மீனில் இருவருக்கும் சரி பங்கு. ஆனால், அணியத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லித்தான் தோணியைக் கூப்பிடுவார்கள்.

கொம்பையன் வலை வீசுவதில் கெட்டிக்காரன். கருப்பட்டிக்குத் தோள்வலு அதிகம். அதனால் பன்றி முன்னால், கரடி பின்னால் என்று பேசாமலே முடிவாகிவிட்டது. வெகு காலம் அதில் ஒரு தகராறும் இல்லை. வம்பு வந்தது கொக்குகளால்.

கரையில் நிற்கும் கொக்குகளுக்கு வாய் சும்மா இருக்காது. போகிற வருகிற எல்லோரையும் பற்றிப் பேச வேண்டும். ஒரு நாள் தோணி திரும்பி வரும்போது ஒரு கொக்கு, “அதோ, கொம்பையன் தோணி வருது!” என்றது.

“பின்னால யாரோ குந்தியிருக்காங்களே, யாரு அது?” என்று கேட்டது இன்னொன்று.

“யாராச்சும் துடுப்புப் போடுற ஆளா இருக்கும்.”

யாராச்சும்! கருப்பட்டிக்குக் காதுக்குள் எறும்பு நுழைந்தது போல் ஆகிவிட்டது. தோணியைக் குடைந்ததில் பாதி அவன். கழியை எதிர்த்துத் துடுப்புப் போடுவது முழுக்க அவன். அவன் யாராச்சுமா?

வீட்டுக்கு வந்தும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தேனம்மையிடம் பொருமித் தீர்த்தான்.

“தோணிக்கு யார் பேரு இருந்தா நமக்கென்னங்க? மீன் வீடு வந்து சேருதுல்ல?” என்றாள் தேனம்மை.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. இது மானப் பிரச்சினை.”

“மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு மடவை ஏறுது. அதை மட்டும் மனசுல வைங்க.”

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து கழிக்குள் ஏறி வரும். ஒரே ஒரு காலைப்பொழுதுதான். அன்று பிடித்ததை உப்பிட்டுக் கருவாடாகக் காய வைத்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் கவலை இல்லை. மழை பிடித்துவிட்டால் கழி பொங்கி ஓடும். எவனாலும் தோணி இறக்க முடியாது. சென்ற ஆண்டு மடவை சரியாக ஏறவில்லை. கரடிக்குட்டிகள் இரண்டும் பசியில் உள்ளங்கையைச் சூப்பிக்கொண்டே கிடந்தன. இந்த ஆண்டு குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது என்று கருப்பட்டி மனதுக்குள் சத்தியமே செய்திருந்தான்.

செய்திருந்தான், சரி. ஆனால் மறுநாள் காலையில் அவன் துறைக்குப் போனதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பழைய வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நேரே அணியத்தில் ஏறி நின்றான்.

கொம்பையன் வந்தான். பார்த்தான். “மச்சான், அது என் இடம்” என்றான்.

“ஏன், உன் பேரு எழுதியிருக்கா?”

“நீ வலை வீசினா மீன் சிக்காது, மரக்கிளைதான் சிக்கும்.”

“நீ துடுப்புப் போட்டா தோணி கடலுக்குப் போகாது, காட்டுக்குள்ளதான் ஏறும்.”

“யாரைப் பாத்து என்ன சொல்ற?”

“உன்னைப் பாத்துத்தான்! இங்க வேற எந்தப் பன்றி நிக்குது?”

கடல் நீர் ஏறத் தொடங்கிவிட்டது. இவர்கள் கரையிலேயே கத்திக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்தில் ஒரு சின்னத் தோணி கட்டிக் கிடந்தது. அது சுழியன் என்ற நீர்நாயும் ஆமையக்காவும் சேர்ந்து ஓட்டும் தோணி. சுழியனுக்கு வெகு நாளாக ஒரு குறை. மடவை ஏறும் நாளில் பெரிய தோணி முதலில் போய்க் கழிமுகத்தை மறித்துக்கொள்ளும். சிந்தியது சிதறியதுதான் அவனுக்கு மிஞ்சும். இன்றைக்குப் பெரிய தோணி கிளம்பாமல் இருந்தால்? சுழியன் மீசையைத் தடவிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

“அண்ணன்மாரே, இதுக்கா சண்டை? உங்க தோணியைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. இதுல எது முன்பக்கம், எது பின்பக்கம்?”

இருவரும் பார்த்தார்கள். கருப்பட்டி தோணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு முனையை மோந்துகூடப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

“தெரியுதா?” என்றான் சுழியன். “இந்தப் பக்கமும் அணியம், அந்தப் பக்கமும் அணியம். ஒரு தோணிக்கு ரெண்டு அணியம்! கழியில வேற யாருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு? ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க. சண்டை தீர்ந்துச்சு.”

கொம்பையன் நெற்றியைச் சுருக்கினான். “அப்ப பின்னால யாரு உட்கார்றது?” என்று கேட்டான். அன்று அந்தத் துறையில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? ரெண்டு பக்கமும் முன்பக்கம். பின்பக்கமே இல்லாத தோணிக்குப் பின்னால ஆள் எதுக்கு?”

கருப்பட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “இவ்வளவு காலமா இது நமக்குத் தோணலையே, மச்சான்!” என்று கொம்பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கொம்பையனும் கண் கலங்கினான்.

ஆமையக்கா மட்டும் கழுத்தை நீட்டி, “சுழியா, அது எப்படிடா...” என்று தொடங்கினாள்.

“அக்கா, நீ பேசாம நம்ம தோணியில ஏறு. அணியத்துல நீயே நில்லு. நான் பின்னால உட்கார்ந்துக்குறேன்” என்று சுழியன் அவள் வாயை அடைத்தான். சின்னத் தோணி சத்தமில்லாமல் கிளம்பியது. “ஆமையக்கா தோணி போகுது!” என்று கொக்குகள் கத்தின. சுழியன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கழிமுகம் காலியாக இருக்கிறதா என்பதில்தான் அவன் கண் இருந்தது.

பெரிய தோணியும் தண்ணீரில் இறங்கியது. கருப்பட்டி ஒரு முனையில், கொம்பையன் மறு முனையில், ஆளுக்கொரு துடுப்போடு முதுகுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

“போலாமா, மச்சான்?”

“போலாம், மச்சான்!”

இருவரும் முழு மூச்சாகத் துடுப்புப் போட்டார்கள். அவரவர் முன்னோக்கித்தான் போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. தோணி பாவம், அது யாருடன் போகும்? நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

கருப்பட்டிக்கு அது தெரியவில்லை. ஏறி வரும் கடல் நீர் தோணியின் இரண்டு பக்கமும் சலசலவென்று ஓடியது. ‘எவ்வளவு வேகம்! அணியத்துல நின்னாத்தான் இந்தச் சுகம் தெரியுது’ என்று அவன் பூரித்துப் போனான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிறு சந்தேகம் வந்தது.

“மச்சான், இந்தக் காட்டுல எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு, கவனிச்சியா?”

“ஆமா. அதுல உட்கார்ந்திருக்கிற கொக்குகூட ஒரே மாதிரிதான் இருக்கு.”

அந்தக் கொக்கு, “ரெண்டு பேரும் எங்க போறீங்க?” என்று கேட்டது.

“கழிமுகத்துக்கு!” என்று இரண்டு முனையிலிருந்தும் பதில் வந்தது.

“கழிமுகம் ஒரு பக்கந்தானே இருக்கு?”

“உனக்கென்ன தெரியும், உன் வேலையைப் பாரு!” என்று கருப்பட்டி உறுமினான். உறுமுவதற்காகத் துடுப்பை நிறுத்தினான். உடனே தோணி கொம்பையன் பக்கம் சரேலென்று ஓடியது. பதறிப்போய்க் கருப்பட்டி மீண்டும் துடுப்புப் போட்டான். தோணி ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் பழையபடி நின்றது.

அப்போது மடவை ஏறியது. கழிமுகத்தில் தொடங்கி, நீர் முழுக்க வெள்ளியாக மின்னிக்கொண்டு வந்தது. மீன்கள் துள்ளின. சில தோணியின் விளிம்பில் மோதி விழுந்தன. இவர்கள் கழிமுகத்துக்குப் போகாவிட்டால் என்ன, மீனே இவர்களைத் தேடி வந்துவிட்டது!

கருப்பட்டிக்குக் குட்டிகளின் முகம் நினைவுக்கு வந்தது. இப்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து தோணியை ஆடாமல் பிடித்தால் போதும். கொம்பையன் ஒரு வீச்சில் தோணியை நிரப்பிவிடுவான். ‘நீ வீசு மச்சான், நான் பிடிச்சுக்குறேன்’ என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டான். முழங்காலையும் பாதி மடக்கிவிட்டான்.

மரத்திலிருந்த கொக்கு தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது.

கருப்பட்டி முழங்காலை நிமிர்த்தினான். வலையைக் கையில் எடுத்தான்.

மீன்கூட்டம் தோணியின் நடுப்பகுதியை ஒட்டி, ஒரு பக்கமாகத் திரண்டு போய்க்கொண்டிருந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வீசினார்கள். பிடிக்க ஆளில்லாத தோணி தள்ளாடியது. இரண்டு வலைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து பின்னிக்கொண்டன.

கருப்பட்டி கயிற்றை இழுத்தான். கனத்தது. இன்னும் இழுத்தான். உள்ளேயிருந்து எதுவோ வெடுக்கென்று எதிர்த்து இழுத்தது.

“சிக்கிடுச்சு! பெரிய மீன் சிக்கிடுச்சு!” என்று கத்தினான்.

“எனக்கும் சிக்கிடுச்சு! யானை மாதிரி இருக்கு!” என்று கத்தினான் கொம்பையன்.

“அப்பா! என்ன இழுப்பு இழுக்குது!”

“விடாதே மச்சான்! நானும் விடமாட்டேன்!”

கருப்பட்டி இழுத்தால் கொம்பையனின் பெரிய மீன் துள்ளியது. கொம்பையன் இழுத்தால் கருப்பட்டியின் பெரிய மீன் திமிறியது. இழுத்த இழுப்பில் வலைகளின் ஈயக்குண்டுகள் தரையை விட்டு எழும்பின. அடியில் சிக்கிக் கிடந்த மடவைகள் எல்லாம் அந்த வழியாக நழுவித் தங்கள் பாட்டுக்குப் போயின. கரடியும் பன்றியும் கடைசியாக ஒரு தம் பிடித்து இழுத்தார்கள். தோணி கவிழ்ந்தது.

சேற்றுத் தண்ணீரில் ஒரே களேபரம். அப்போதும் இருவரும் கயிற்றை விடவில்லை, அந்தப் பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும். கருப்பட்டி முக்கி முனகித் தன் வலையைக் கரைக்கு இழுத்து வந்தான். ஆசையோடு விரித்துப் பார்த்தான். உள்ளே கொம்பையன் இருந்தான். கொம்பையனின் வலையைப் பிரித்தால் அதற்குள் கருப்பட்டியின் பின்னங்கால்கள் இருந்தன.

“நீயா?” என்றான் கருப்பட்டி.

“நீயா?” என்றான் கொம்பையன்.

மேலே கொக்குகள் சிரித்த சிரிப்பில் ஒன்று கிளையிலிருந்து விழுந்தே விட்டது. கழியில் ஒரு மடவைகூட மிச்சமில்லை. சுழியனின் சின்னத் தோணி, விளிம்பு வரை மீனோடு, தண்ணீரில் அமிழ்ந்து அமிழ்ந்து அவர்களைக் கடந்து போனது. ஆமையக்கா மீன் குவியலுக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். சுழியன் பின்னால் இருந்தான். மீன் மறைத்ததால் அவன் மீசை மட்டும்தான் தெரிந்தது.

கருப்பட்டி வீட்டுக்கு நடந்தான். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நனைந்தவனை அது மேலும் நனைத்தது. வழியெல்லாம் அவன் அழுதுகொண்டேதான் போனான். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

குகை வாசலில் தேனம்மை உப்பை அள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குட்டிகள் ஓடி வந்து கூடையைக் கவிழ்த்துப் பார்த்தன. கொஞ்சம் சேறு விழுந்தது.

“என்னங்க பிடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“கொம்பையனை.”

“கொம்பையண்ணன் என்ன பிடிச்சாரு?”

“என்னை.”

தேனம்மை அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேரையும் உப்புப் போட்டுக் காய வெச்சாலும் இந்த மழைக்காலத்துக்குக் காணாதே!” என்றாள்.

கருப்பட்டி கிழங்கு தோண்டும் கோலை எடுத்துக்கொண்டு மறுபடியும் மழையில் இறங்கினான்.

நீதி: எல்லோரும் முன்னால் நிற்க ஆசைப்பட்டால் தோணி நகராது.